பட்ஜெட் மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர்

எங்கள் ஊர் ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றங்கரையில் இருக்கிறது. பெயரை மட்டும் எழுதமாட்டேன். எழுதினால் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்களின் பேரன்கள் நாலு பேர் என் சைக்கிள் கடைக்கு வந்து, "எங்க தாத்தா அப்படிச் சொல்லவே இல்ல" என்று சண்டை போட்டுவிட்டு, போகிற போக்கில் இரண்டு டயரில் காற்றையும் பிடுங்கிவிட்டுப் போவார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். நான் அந்த ஊர் முனிசிபாலிட்டியில் கவுன்சிலர். அதிலும் எதிர்க்கட்சிக் கவுன்சிலர். எதிர்க்கட்சி என்றதும் பெரிய படையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும், குடியாத்தத்திலிருந்து வந்து கடை போட்ட ஒரு லுங்கி வியாபாரியும்தான் மொத்த எதிர்க்கட்சி. நான் பேசுவேன், அவர் மேசையைத் தட்டுவார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆகவே சில நேரம் ஆளுங்கட்சிக்காரர் பேசும்போதும் தட்டிவிடுவார். தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் கண்ணை உருட்டினால், மேசையில் ஈ உட்கார்ந்திருந்த மாதிரி கையால் துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

நான் எப்பேர்ப்பட்ட எதிர்க்கட்சிக்காரன் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். கவுன்சிலரான புதிதில் ஒருநாள் தெருவிளக்கு விஷயமாகக் கோபம் வந்து, "இந்த அநீதியைக் கண்டித்து வெளிநடப்புச் செய்கிறேன்!" என்று முழங்கிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனேன். வாசலில் நின்றேன். உள்ளே பரபரப்பு ஒன்றும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அடுத்த தீர்மானத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. என் குடை உள்ளே நாற்காலியில் தொங்குகிறது. பூனை மாதிரி உள்ளே போய்க் குடையை எடுத்தபோதுதான் ஒரு கவுன்சிலர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா, இப்பத்தான் வர்றியா?" என்றார். அதுதான் எனது முதல் வெளிநடப்பு. கடைசியும் அதுவே.

ஆனால் நான் சொல்ல வந்த பட்ஜெட் கூட்டம் அப்படிப்பட்டதல்ல. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உள்ளங்கால் பரபரக்கிறது.

எங்கள் தெரு தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பின்னால், பள்ளத்தில் இருந்தது. தெருவுக்கு ஒரே கிணறு. அதில் வாளி விட்டால் மேலே வருவது தண்ணீரா தேநீரா என்று வெளியூர்க்காரனுக்குச் சந்தேகம் வரும். சிவப்பும் பழுப்புமாக, டேனரியில் தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டை வாசனையோடு இருக்கும். வெள்ளை வேட்டியைத் துவைத்தால் காவி வேட்டியாகக் காயும். எங்கள் தெருவில் துறவிகள் ஜாஸ்தி என்று பக்கத்துத் தெருவில் கேலி பேசுவார்கள். குடிதண்ணீருக்குப் பெண்கள் பாலாற்றுக்குப் போய், மணலில் ஊற்றுத் தோண்டி, கிண்ணத்தால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பித் தூக்கிக்கொண்டு வருவார்கள். முனிசிபாலிட்டிக் குழாயோ கடைத்தெரு முனைவரை வந்து, எங்கள் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது.

அந்தக் குழாயைத் தெருவுக்குள் கொண்டு வருவேன் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கியிருந்தேன். என் மனைவியும் வீடு வீடாகப் போய் அதையே சொல்லியிருந்தாள். நான் சொன்னதை ஜனங்கள் மறந்துவிட்டார்கள், நான் சொல்வதை மறப்பது அவர்களுக்குப் பழக்கம். அவள் சொன்னதை ஒருத்தியும் மறக்கவில்லை. ஊற்றங்கரையில் தினமும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாக்கா, உன் ஊட்டுக்காரரு குழாயக் கையிலேயே புடிச்சிட்டு வர்றேன்னாரே, வழியில எங்கியாச்சும் பஞ்சராயிட்டாரா?"

இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அவள் குடத்தை இறக்கி வைத்த சத்தத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இந்தாங்க, நல்லாக் கேட்டுக்குங்க. இந்த பட்ஜெட்ல குழாய் வரலேன்னா, அடுத்த எலெக்‌ஷன்ல இந்த வார்டுல நானே நிக்கிறேன்."

"நம்ம கட்சியிலயா?"

"உங்களுக்கு எதிரா."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளபடியே பயமாக இருந்தது. நின்றால் ஜெயித்துவிடுவாள். எனக்கே அவளுக்கு ஓட்டுப் போடவேண்டும் என்றுதான் தோன்றியது.

ஆகவே பேச்சு, கீச்சு எல்லாம் இல்லாமல் நல்லபடியாகக் கேட்டுப் பார்ப்போம் என்று சேர்மனைத் தேடி அவருடைய டேனரிக்கே போனேன். சேர்மன் தோல் வியாபாரி. ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். கறுப்புத் தொப்பி, வெள்ளை ஜிப்பா, எப்போதும் அவசரம். சின்ன வயதிலிருந்தே தொட்டிகளுக்கு நடுவில் வளர்ந்த மனிதர். முதலாளியான பிறகும் காலையில் தொட்டி தொட்டியாக நடந்து பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த நடையில்தான் பிடித்தேன்.

"பாய், எங்க தெருக் குழாய் விஷயம்..."

"சொல்லு தோஸ்த்," என்றபடி குனிந்து, பட்டை ஊறுகிற தொட்டியில் ஒரு விரலை விட்டு எடுத்து, நாக்கில் வைத்தார். டேனரியில் அதுதான் வழக்கம். பட்டைத் தண்ணீர் தோலுக்குப் பக்குவமாக இருக்கிறதா என்பதை நாக்கு எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பாய் கண்ணை மூடினார். துப்பினார். "மேஸ்திரி! பட்டை கம்மி! இன்னொரு மூட்டை கொட்டு!" என்று கத்தினார். பிறகு என்னிடம் திரும்பி, "இன்னா சொன்னே?" என்றார்.

"எங்க தெருக் குழாய்..."

அடுத்த தொட்டி. விரல், நாக்கு, துப்பல். "இது சரியா இருக்கு! தோலை எறக்கு! இன்னா சொன்னே?"

இப்படி ஆறேழு தொட்டி தாண்டுவதற்குள் என் கோரிக்கையை ஒருமாதிரி முடித்தேன். பாய் ஜிப்பாவில் விரலைத் துடைத்துக்கொண்டு அன்பாகத் தோளில் கை போட்டார்.

"உங்க கிணத்துக்கு இன்னா கேடு? அது செம்மண் கலர், தோஸ்த். நம்ம முனிசிபாலிட்டி இன்ஜினியர் எழுதியே குடுத்துட்டார். டேனரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த வருஷம் நீ வேற ஒண்ணு பாரு! பார்க்குல ஒரு ஃபவுண்டன் வைக்கிறோம். மைசூர்ல பாத்தேன். தண்ணி மேல போயி, செவப்பு லைட், பச்சை லைட்... ஹா! குழாய் எங்க போய்டப் போவுது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

கெட்ட மனிதர் இல்லை. அந்த நீரூற்றைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குழந்தைச் சந்தோஷம் இருந்தது. அதுதான் பேஜாரே. கெட்ட எண்ணத்தை எதிர்த்துப் பேசலாம், சந்தோஷத்தை எப்படி எதிர்ப்பது?

ஆனாலும் எதிர்த்தே தீரவேண்டும். வீட்டில் எதிர்வேட்பாளர் தயாராக இருக்கிறார்.

பேச்சைத் தயார் செய்தேன். அந்தக் காலத்தில் மேடையில் பேசுகிறவன் ஒரு வாக்கியத்தில் ஒரே எழுத்தில் ஏழெட்டு வார்த்தையாவது அடுக்காவிட்டால் கூட்டம் வேர்க்கடலை வாங்கப் போய்விடும். நானும் அடுக்கினேன். "நாவறண்டு நலிவுற்று நடுத்தெருவில் நிற்கும் நங்கையர்க்கு நல்கவேண்டிய நன்னீரை, நகைப்புக்கிடமான நீரூற்றுக்கு நல்குவது நியாயமா?" கடையை மூடிக்கொண்டு, வரிசையாக நின்ற வாடகைச் சைக்கிள்களுக்கு முன்னால் கையை வீசிப் பேசிப் பார்த்தேன். சைக்கிள்கள் மிக ஒழுங்காகக் கேட்டன. ஒன்று மட்டும் சாய்ந்தது. அதை உணர்ச்சிவசப்பட்டதாக எடுத்துக்கொண்டேன்.

உச்சக்கட்டமாக ஒரு யோசனை வைத்திருந்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய், கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, சேர்மன் முன்னால் நீட்டி, "குடியுங்கள்! செம்மண் என்றால் இதைக் குடித்துக் காட்டுங்கள்!" என்று சவால் விடவேண்டும். சபை உறைந்துபோகும். மாலையில் கடைத்தெருவில் என்னைத் தோளில் தூக்குவார்கள். என் எடைக்கு நாலு பேர் வேண்டியிருக்கும் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

நான் எடுத்த விளக்கெண்ணெய் பாட்டிலை மனைவி பிடுங்கி வைத்துவிட்டாள். "இதுலயா? எண்ணெ மெதக்கும். அப்புறம் எண்ணெக் கிணறுன்னு சொல்லி அதுக்கும் வரி போடுவாங்க." சோடாக் கடையிலிருந்து ஒரு வெள்ளை பாட்டில் வாங்கி, சாம்பல் போட்டுக் கழுவி, அவளே கிணற்றில் மொண்டு ஊற்றி, துணி சுற்றிக் கொடுத்தாள். "நானும் வர்றேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சைக்கிள்களுக்கு முன்னால் பேசுவது வேறு, அவளுக்கு முன்னால் பேசுவது வேறு.

பட்ஜெட் நாள். எங்கள் முனிசிபாலிட்டியில் பட்ஜெட் கூட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மதியச் சாப்பாடு சேர்மன் வீட்டிலிருந்து பிரியாணியாக வரும். அண்டா பதினொரு மணிக்கே வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்துவிடும். அதன் வாசனை கதவிடுக்கு வழியாகச் சபைக்குள் வந்ததும் கவுன்சிலர்கள் எல்லாத் தலைப்புக்கும் "ஆமோதிக்கிறேன், ஆமோதிக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்த வாசனையை எதிர்த்துப் பேசுகிறவன்தான் உண்மையான எதிர்க்கட்சிக்காரன். என் லுங்கி நண்பரே கதவைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

அன்று வேடிக்கை பார்க்கிற பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. ஒரு வாரமாக வாடகைச் சைக்கிள் எடுக்க வந்தவன் ஒருவனைக்கூட விடாமல், "வியாழக்கிழமை வந்து பார், சபை அதிரும்" என்று நான் சொல்லியிருந்தேனே! டேனரி ஆட்கள்கூடப் பாதி நாள் லீவு போட்டு வந்து சுவரோரம் நின்றார்கள். என் மனைவி முதல் பெஞ்சில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

எழுந்தேன். "மாண்புமிகு தலைவர் அவர்களே!" சுமாராக வந்தது. "இந்த பட்ஜெட்டைப் பார்க்கிறேன். பார்க்குக்குக் கம்பி வேலி. பார்க்குக்குக் கலர் பல்பு. பார்க்குக்கு நீரூற்று. எங்கள் தெருக் குழாய்க்கு மட்டும் 'பரிசீலனையில்'. போன வருஷமும் பரிசீலனை, அதற்கு முந்தின வருஷமும் பரிசீலனை. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீருக்கு டான்ஸ் கற்றுக் கொடுக்கிறீர்களே, இது யார் பார்க்க?"

பெஞ்சுகளில் கைதட்டல்! நண்பரும் தட்டினார், சரியான இடத்தில்! எனக்கு ரத்தம் சூடேறியது.

ஆளுங்கட்சிக் கவுன்சிலர் ஒருவர், காண்ட்ராக்டர், எழுந்தார். "இன்னாய்யா பேசற? ஊருன்னா ஒரு அழகு வேணாவா? நாட்றம்பள்ளிக்காரன் பஸ்ல போறப்ப தலைய நீட்டி, 'அட, இன்னா ஊருடா'ன்னு கேக்கணும்."

"கேட்டுட்டு எறங்கி ஒரு வாய் தண்ணி கேட்டா?" என்றேன்.

சிரிப்பு. காண்ட்ராக்டர் விடவில்லை. "உங்க கிணத்துல இருக்கறது நல்ல தண்ணி. செம்மண் கலரு. இன்ஜினியர் ரிப்போர்ட் இருக்கு. கட்சிக்கோசரம் டேனரி மேல பழி போடாத."

இதோ வந்தது என் கட்டம்! பாட்டிலின் துணியை அவிழ்த்தேன். கிளாஸில் ஊற்றினேன். ஜன்னல் வெயிலில் அது தகதகவென்று சிவந்தது. ஊற்றிய வேகத்தில் மேசை விரிப்பில் கொஞ்சம் சிந்திக் கறைபட்டது. நேராக நடந்துபோய் சேர்மன் முன்னால் டொக்கென்று வைத்து, இடுப்பில் கை ஊன்றி நின்றேன்.

நின்றேனே தவிர, அடுத்த வரி வரவில்லை. 'நாவறண்டு நலிவுற்று' என்று தொடங்கவேண்டும் என்பது தெரிகிறது. நா வறண்டதும் உண்மை. சத்தம் மட்டும் வரவில்லை. முதல் பெஞ்சில் அவள் என்னையே பார்க்கிறாள். சைக்கிள்கள் ஒருபோதும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

சேர்மனோ என்னைக் கவனிக்கவே இல்லை. பியூன் நீட்டிய காகிதங்களில் தலை குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூக்குக்கு நேரே பழுப்பாக ஒரு தண்ணீர். தெரிந்த நிறம், தெரிந்த வாசனை. வலது கை கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தது. இடது கை தானாகப் போனது. ஒரு விரல் கிளாஸுக்குள் இறங்கியது. நாக்குக்குப் போனது. பாய் கண்ணை மூடினார். பக்கத்தில் திரும்பித் துப்பினார்.

"மேஸ்திரி! பட்டை கம்மி! இன்னொரு மூட்டை கொட்டு!"

பியூன் சுற்றுமுற்றும் மேஸ்திரியைத் தேடினார்.

பாய் இன்னும் நிமிரவில்லை. "எந்தத் தொட்டிப்பா இது?" என்றார்.

முதல் பெஞ்சிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது, நிதானமாக, தெருவிலிருந்து வீட்டுக்குள் கூப்பிடுகிற குரல். "எங்க தெருக் கிணறுங்க, பாய். இதுலதான் சோறு வடிக்கச் சொல்றீங்க."

அவ்வளவுதான்! சபை வெடித்தது. சுவரோரம் நின்ற டேனரி ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கும்பலில் நிஜமான மேஸ்திரியும் இருந்தார் போலிருக்கிறது. "மூட்டைய எங்க கொட்டறது பாய், கிணத்துலயா?" என்று ஒரு குரல். காண்ட்ராக்டர் இன்ஜினியர் ரிப்போர்ட்டை மெல்ல மடித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். என் நண்பர் என்ன நடந்தது என்று தெரியாமலே மேசையைத் தட்டு தட்டென்று தட்டினார்.

பாய் நிமிர்ந்தார். கிளாஸைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். முகம் கறுத்தது. மனிதர் கோபத்தில் எழுந்து போய்விட்டால் குழாயும் போயிற்று, பிரியாணியும் போயிற்று. எல்லோருமே அவர் முகத்தைத்தான் பார்த்தோம். சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது.

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இன்னொரு முறை கிளாஸில் விரலை விட்டு ருசி பார்த்தார், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே. பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிப்பு!

"அல்லா! முப்பது வருஷமா என் நாக்குப் பொய் சொன்னதில்ல. இன்ஜினியர் இன்னா எழுதினா இன்னா, என் நாக்கே சாட்சி சொல்லிடுச்சே!" சிரிப்பு நின்றது. குரல் இறங்கியது. "தங்கச்சி, இதையா புள்ளைங்க குடிக்குது?"

"குடிக்க ஆத்துத் தண்ணி, பாய். ஆத்துக்குப் போக முடியாத அன்னிக்கு இதான்."

பாய் பேனாவை மூடி வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த முனிசிபல் கமிஷனர் பக்கம் திரும்பினார். "ஃபவுண்டனை எடுங்க. அந்தப் பணத்தைக் குழாய்க்குப் போடுங்க. திருத்தத்தை இப்பவே ஓட்டுக்கு உடறேன்."

நான் துள்ளினேன். தொண்டையும் அந்த நேரம் பார்த்துத் திறந்துகொண்டது. "தலைவர் அவர்களே! நாவறண்டு நலிவுற்று..."

"உக்காருய்யா!" என்று நாலாபக்கமும் குரல். "அதான் ஜெயிச்சிட்டியே! பிரியாணி ஆறுது!"

உட்கார்ந்தேன். பாய் ஓட்டெடுத்தார். "ஆதரிப்பவர்கள்?" கைகள் எழுந்தன. "எதிர்ப்பவர்கள்?" என் கை எழுந்தது.

நான் தூக்கவில்லை. அது எழுந்தது. எத்தனை கூட்டம், எத்தனை தீர்மானம்! 'எதிர்ப்பவர்கள்' என்ற சொல் காதில் விழுந்ததும் கை எழுவது என் தொழிலாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்து நண்பரும் தூக்கிவிட்டார். பாயின் விரலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த அதே ஜனம் இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தது. பாய் மேசையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா தோஸ்த், உனக்கும் பட்டை கம்மியா?" என்றார். முதல் பெஞ்சில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது தெரிந்தது.

தீர்மானம் நிறைவேறியது. எங்கள் தெருவுக்குக் குழாய் வருவதை அந்தச் சபையில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர்: அந்த வார்டுக் கவுன்சிலரும் அவருடைய எதிர்க்கட்சியின் மறுபாதியும்.

கோடை முடிவதற்குள் குழாய் வந்தது. கிணறு மாறவில்லை. அது கடைசிவரை பழுப்பாகவேதான் இருந்தது, அதை மாற்றுகிற நாக்கு எந்தச் சபையிலும் இருக்கவில்லை. ஆனால் தெரு முனையில் பளபளவென்று ஒரு குழாய் நின்றது. திறப்பு விழாவுக்குப் பாயே வந்தார். காகிதத் தோரணம், நாதஸ்வரம், தெரு முழுக்கக் குடங்கள். நான் பேச்சைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு முன்னால் நின்றேன். பாய் என்னைத் தாண்டி என் மனைவியிடம் போய், "நீ தொற தங்கச்சி," என்றார்.

திருகினாள். முதலில் புஸ்ஸென்று காற்று வந்தது. என் தொழில் சம்பந்தப்பட்ட சத்தம் என்பதால் பஞ்சர் என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு இருமல். அப்புறம் தண்ணீர்! வெள்ளைத் தண்ணீர்! பெண்கள் குலவையிட்டார்கள். நான் துண்டைச் சரிசெய்துகொண்டு, "நாவறண்டு நலிவுற்று..." என்று தொடங்கினேன். குடத்தில் விழுந்த தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

குடம் நிரம்பியது. பாய் குனிந்தார். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, கூட்டம் சட்டென்று அமைதியாயிற்று. நாதஸ்வரக்காரர்கூட வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு விரல் குடத்துக்குள் போனது, நாக்குக்குப் போனது. பாய் கண்ணை மூடினார். யோசித்தார். மறுபடி விரலை விட்டார். புருவத்தைச் சுருக்கினார்.

"இன்னா தங்கச்சி இது? ஒரு ருசியும் இல்லியே!"

"அதுக்குப் பேருதாங்க பாய், தண்ணி," என்றாள் அவள். குடத்தைத் தூக்கி, சட்டைப் பையில் பேச்சு இருந்த பக்கமாகப் பார்த்து என் தோளில் வைத்தாள். "நடங்க, உலை வைக்கணும்."